கடல் கடந்த தாளம்

இலங்கையில் கல்யாண வீட்டிலோ, சுற்றுலா போகும் பஸ்ஸிலோ, கிரிக்கெட் மைதானத்திலோ பைலா தொடங்கிவிட்டால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்ற பேதமே இருப்பதில்லை. உட்கார்ந்திருப்பவரின் காலும் தாளம் போடும். இந்தத் தாளம் எங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? நானும் நண்பர் ஒருவரும் சொந்தச் செலவில் நடத்தும் பொட்காஸ்ட்டுக்காக எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். யாரைக் கேட்டாலும் “போர்த்துக்கீசர் கொண்டுவந்தது” என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் வேறொரு சனம் நிற்கிறது. அவர்களைத் தேடிப் போன கதையைத்தான் எழுதுகிறேன்.

தமிழர்களுக்குப் பைலா என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘சுராங்கனி’. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய அந்தப் பாடல் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கும் போய், 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒலித்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன் பைலாவை மேடைக்குக் கொண்டுவந்தவர் வொலி பஸ்தியான். போக்குவரத்துப் பொலிஸில் வேலை பார்த்தவர். ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியில் பாடப்பட்ட மெட்டுகளுக்கு 1940களில் சிங்களச் சொற்களைக் கட்டினார். அவர் கைக்கு வரும் முன் அந்த மெட்டுகளுக்குக் கஃப்ரிஞ்ஞா என்று பெயர்.

கஃப்ரிஞ்ஞாவைக் கேட்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அங்குள்ள பறங்கியர் வெளியே தமிழ் பேசுகிறவர்கள். பழைய குடும்பங்களில் கிரியோல் பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 சுனாமி டச்பார் பகுதியில் இவர்களுடைய குடியிருப்பைச் சின்னாபின்னமாக்கியது. அதன் பிறகும் கல்யாண வீட்டில் வயலின் எடுத்துக் கஃப்ரிஞ்ஞா ஆடுவதை அவர்கள் விடவில்லை. “இது எங்கட பாட்டு, ஆனா எங்களுக்கு மட்டும் சொந்தமில்ல தம்பி” என்று ஒரு பெரியவர் சொன்னார்.

அவர் சொன்னதற்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஒன்று கிரியோல் பாடல்களின் தொகுப்பு. அதில் மட்டக்களப்புப் பாடல்கள் ஒரு பகுதியாகவும் கஃப்ரிஞ்ஞாப் பாடல்கள் தனிப் பகுதியாகவும் எழுதப்பட்டுள்ளன. இரண்டாவது பகுதியின் தலைப்பே, அவை போர்த்துக்கீச மொழியில் அமைந்த கறுப்பின மக்களின் பாடல்கள் என்று சொல்லிவிடுகிறது. பாடலைத் தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்த செய்தி, ஆடுகிற எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தக் கறுப்பின மக்களைத் தேடி எங்கள் வழி புத்தளத்துக்குத் திரும்பியது. பட்டினத்துக்கு அருகே சிராம்பியடி என்ற ஊரில் ஆபிரிக்க வம்சாவளியினர் சில குடும்பங்களாக வாழ்கிறார்கள். தங்களைக் காப்பிரியர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கத்தோலிக்கர்கள். வீட்டில் பேசுவது சிங்களம். தலைமுறைகளாக மற்றச் சமூகங்களோடு கல்யாண உறவு கலந்துவிட்டதால், பிள்ளைகளில் பலரைப் பார்த்தவுடன் வேறுபாடு தெரியாது. ஆனால் அவர்களிடம் மஞ்ஞா இருக்கிறது.

மஞ்ஞா என்பது அவர்களுடைய பாட்டும் ஆட்டமும். ஒரு வீட்டு முற்றத்தில் பதிவு செய்தோம். சுருதிப் பெட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒருவர் கையில் றபான் மேளம். இன்னொருவர் இரண்டு சிரட்டைகளை ஒன்றோடொன்று தட்டுகிறார். வேறொருவர் வெறும் போத்தலைக் கரண்டியால் தட்டுகிறார். வயதான ஆச்சி ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். தொடக்கத்தில் மிக மெதுவாகப் போகிறது. இருப்பவர்கள் தோளையும் இடுப்பையும் இலேசாக அசைக்கிறார்கள். வரி மாறவில்லை, வேகம் மட்டும் ஏறுகிறது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து ஆட, பாட்டு உச்சத்தில் சட்டென்று அறுந்து நிற்கிறது.

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் அந்தப் பதிவை வேகம் குறைத்துக் கேட்டேன். போத்தல் விடாமல் ஆறு எண்ணுகிறது. சிரட்டை அந்த ஆறை இரண்டாகப் பிரிக்கிறது, நமது தகிட தகிட போல. றபானோ சில இடங்களில் அதே ஆறை மூன்றாகப் பிரித்து அதன்மேல் அடிக்கிறது. இரண்டும் மூன்றும் மோதும் அந்த இடத்தில்தான் கால் தன்னால் எழும்புகிறது. கஃப்ரிஞ்ஞாவிலும் பைலாவிலும் ஆடவைப்பது இந்த ஆறு எண்ணிக்கைதான்.

பாட்டின் பொருளை ஆச்சியிடம் கேட்டோம். “எல்லாச் சொல்லுக்கும் கருத்துத் தெரியாது புத்தே. அம்மா பாடினபடி பாடுறம். ஒரு சொல்லையும் மாத்தினதில்ல” என்று சிங்களத்தில் சொன்னார். பேச்சில் கிரியோல் நின்றுபோன பிறகும், பாட்டில் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பது வேதனையான வரலாறு. போர்த்துக்கீசர் இலங்கையில் கால்வைத்தது 1505இல். அவர்களுடைய கப்பல்கள் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் மொசாம்பிக் தீவில் தங்கி, பருவக்காற்றைப் பிடித்துக் கோவாவுக்கு வரும். சரக்கோடு மனிதர்களும் அதே வழியில் ஏற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து இலங்கைக்குப் படையாட்களாகவும் வேலையாட்களாகவும் அனுப்பப்பட்டார்கள். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரை இங்கிருந்து முற்றாக வெளியேற்றியபோது எசமானர்கள் மாறினார்களே தவிர இவர்கள் நிலை மாறவில்லை. கொழும்புக் கோட்டை வேலைகளில் பகலெல்லாம் உழைத்த அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம்தான் கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அதை அடிமைத் தீவு என்று அழைத்தார்கள். 1796இல் வந்த பிரித்தானியரும் ஆபிரிக்கர்களை வாங்கிப் படையில் சேர்த்து, காப்பிரிப் படையணி ஒன்றை வைத்துக் கண்டி அரசோடு சண்டை பிடித்தார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். புத்தளத்தில் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த படையாட்கள், படையணி கலைந்த பிறகு அங்கேயே குடியேறினார்கள். சிராம்பியடிக் குடும்பங்கள் அவர்களுடைய வழிவந்தவை.

மறுகரையையும் கேட்க நினைத்தோம். ஹியூ ட்ரேசி என்ற இசை ஆய்வாளர் 1940களில் தெற்கு மொசாம்பிக்கின் சோப்பி மக்களிடையே இருந்து அவர்களுடைய திம்பிலா இசையைப் பதிவுசெய்தார். மரப்பலகைகளைத் தட்டி வாசிக்கும் அந்தக் கருவிக் குழுவின் இசையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இரண்டையும் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் முறை ஆபிரிக்காவின் பல பகுதிகளில் இசையின் அடிப்படை. அதற்காக மஞ்ஞாவைச் சோப்பி மக்களிடமிருந்து நேரே வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு எண்ணிக்கை ஐபீரிய நாட்டுப்பாடல்களிலும் உண்டு. மெட்டும் மொழியும் போர்த்துக்கீசக் கலப்பு. வளர்ந்த மண் இலங்கை. அதை உயிரோடு வைத்திருந்த கைகள் ஆபிரிக்கருடையவை. என் தேடல் வந்து நின்ற இடம் இதுதான்.

குஜராத்தின் கீர் காட்டோரத்திலும் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திகளிடமும் இதே கதையைக் காணலாம். பேசுவது குஜராத்தி, கன்னடம், கொங்கணி. முழவும் ஆட்டமும் மூதாதையருடையவை. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணத்தில் மொகலாயரையே எதிர்த்து நின்ற மாலிக் அம்பர் (1548–1626) அந்த வரலாற்றின் பெரிய பெயர். பெயரில்லாமல் போனவர்களே அதிகம்.

இதை ஏன் பொட்காஸ்ட்டாகச் செய்கிறோம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. இந்த மக்களைப் பற்றிய பழைய காகிதங்களை எழுதியவர்கள் அவர்களை வாங்கி விற்றவர்களும் ஆண்டவர்களும்தான். இந்த மக்கள் தாங்களே வைத்துக்கொண்டது குரல் ஒன்றைத்தான். குரலில் வந்த வரலாறு குரலாகவே போய்ச்சேர வேண்டும். விளம்பர நேரத்துக்கு அடங்க வேண்டிய நிகழ்ச்சியில் ஒரு மஞ்ஞாவுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். வேகம் ஏறுவதற்குள் பாட்டு வெட்டப்பட்டுவிடும். எங்களுக்கு விளம்பரதாரர் இல்லை. அதனால் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் போடுகிறோம். பாடியவர்கள் கேட்டுச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறோம். முழுப் பதிவின் பிரதியும் அவர்கள் கையில் இருக்கிறது.

இக்கட்டுரையின் தலைப்பிலேயே அந்தத் தொடரை இலவசமாகக் கேட்கலாம். கேளுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பழைய பாட்டுத் தெரிந்த பெரியவர் இருந்தால் இன்றைக்கே கைத்தொலைபேசியில் பதிவு செய்துவையுங்கள். அடுத்த முறை பைலாவுக்கு ஆடும்போது பக்கத்தில் ஆடுகிறவரிடம், இந்தத் தாளத்தைக் காப்பாற்றித் தந்தவர்களில் ஆபிரிக்கர்களும் உண்டு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் புத்தளத்தில் பாடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.