முழங்கையை அளந்த தச்சர்

சகோதரிகளே, சமையற்கட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முன்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நாங்கள் சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். தோட்டத்து லயத்தில் 30 ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் கண் கலங்கியவர் என் மாமியார். அவருக்கு ஒரு நல்ல அடுப்படி அமைத்துத் தரவேண்டும் என்பது என் கணவரின் நெடுநாளைய ஆசை. சீட்டுக் கட்டிச் சேர்த்த 9,000 வெள்ளி கையில் இருந்தது. 2022 தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு கடைக்குள் நுழைந்தோம்.

கடையின் பெயர் வேண்டாம். குளிர்சாதன அறை, சுவரெல்லாம் பளபளக்கும் படங்கள். அங்கிருந்த இளைஞர் எங்கள் சமையற்கட்டைக் கணினியில் வரைந்து சுற்றிச் சுற்றிக் காட்டினார். நான் மயங்கித்தான் போனேன். உங்களிடம் சொல்வதற்கென்ன வெட்கம்! யார் சமைக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வேலை முடியுமுன்பே முழுப் பணமும் கைமாறிவிட்டது. ரசீதில் இருந்ததோ 'சமையலறை வேலை' என்ற இரண்டே சொற்கள்.

எட்டே மாதம்! பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த பலகை உப்பி, கதவு மூட மறுத்தது. மேல் அலமாரிகளோ ஐந்தடிகூட இல்லாத மாமியாருக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறியவர் ஒருநாள் சறுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். கடைக்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பார் இல்லை.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்திற்குப் போனோம். இது பலருக்குத் தெரிவதில்லை. 5 வெள்ளி கட்டினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் எந்தப் பலகை, எத்தனை கனம் என்று எங்கள் ரசீதில் ஒன்றுமே இல்லையே! கடைசியில் 3,000 வெள்ளிக்குச் சமரசம் ஆனது. மீதி போனது போனதுதான்.

மறுபடியும் செய்வதற்கு மாமியார் தம் இரண்டு வளையல்களைக் கழற்றி அடகு வைத்தார். அந்தக் கை வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இம்முறை ஏமாந்தால் எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பேன்?

பக்கத்து வீட்டம்மா ஒரு சீனத் தச்சரைச் சொன்னார். போய்ப் பார்த்தால், பட்டறையில் படமும் இல்லை, பகட்டும் இல்லை. அவர் செய்து ஆறு வருடமான ஓர் அடுப்படியை முதலில் போய்ப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே தலையை விட்டே பார்த்தேன்! பிறகுதான் வீட்டுக்கு அழைத்தேன்.

வந்தவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. "சியாப்பா மாசாக்?" என்றுதான் கேட்டார். மாமியாரைக் காட்டினோம். "ஆன்டி, கொஞ்சம் வெங்காயம் நறுக்குங்கள்" என்றார். அவர் நறுக்க, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். 35 அங்குலம். வழக்கமாக மேடை 34 அங்குலம் இருக்குமாம். இவருக்கு 31 போதும் என்று குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி, "பத்து கிலிங் எங்கே?" எங்கள் அம்மிக்கு அந்தப் பளபளப்பான படத்தில் இடமே இல்லாமல் இருந்தது. தச்சரோ அதற்குச் செங்கல் திண்டு கட்டச் சொன்னார்.

கதவுக்கு ரப்பர் கட்டை என்றதும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தவுக்கே, அது விறகுக்குத்தான் ஆகும். பத்து நாளில் உளுத்துப் போகும்!" பால் மரம் வெட்டியவர் அல்லவா? தச்சர் சிரித்தார். அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்துவதால்தான் அதே மரம் 1980களிலிருந்து மேசை நாற்காலியாகி வெளிநாடு போகிறது என்றார். ஆனால் தொட்டிக்குக் கீழே அதுவும் கூடாதாம், 18 மில்லிமீட்டர் பிளைவுட்தானாம். நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள் என்று சிப்போர்டில் ஒரு துண்டும் பிளைவுட்டில் ஒரு துண்டும் கொடுத்துப் போனார். மாமியார் இரண்டையும் இரவு வாளியில் போட்டு வைத்தார். காலையில் சிப்போர்டு, வடைக்கு ஊறிய உளுந்துபோல் உப்பிக் கிடந்தது.

பலகை, கனம், கீல், பூட்டு எல்லாம் எழுதி வாங்கினோம். பத்தில் ஒரு பங்குப் பணத்தை ஒரு மாதம் கழித்துத் தருவதாகச் சொன்னோம். அவர் முகம் சுளிக்கவில்லை.

சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் தாமதம்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு. கடைசிப் பணத்துக்கு வந்த அன்று, கேட்காமலேயே ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்து, ஒரு கீலை முடுக்கினார். மாமியார் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். தோள் உயராமல், குனியாமல் அரைத்தார். கையில் ஒரு வளையல் திரும்பி வந்திருந்தது. இன்னொன்றை அடுத்த மாதம் மீட்க வேண்டும்.