எனிஸ் தெருக்களில் ஓர் ஆகஸ்ட்

எனிஸ் சின்ன ஊர். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தின் தலைநகர். ஃபெர்கஸ் ஆறு ஊருக்குள் வளைந்து நெளிந்து ஓடும். பழங்காலத்துத் தெருக்கள் குறுகலானவை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் இன்னும் குறுகல். ஊர் நடுவே உயரமான தூணின் மேல் டேனியல் ஓ'கானல் நிற்கிறார். 1828 இடைத்தேர்தலில் அவரை வெல்லவைத்த மண் இது.

சுமார் 25,000 பேர் வாழும் அந்த ஊருக்கு 2016 ஆகஸ்டில் 'ஃபிளா' வந்தது. அயர்லாந்து மரபிசையின் மிகப் பெரிய விழா அது. எந்த ஊரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, சில ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாறும். அப்போது நான் பக்கத்து லிமரிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்த கையோடு ரயிலேறிவிடுவேன். பெட்டி முழுக்க பிள்ளைகள், ஆளுக்கொரு வாத்தியம். எனிஸ் வருவதற்குள் யாராவது ஒரு பையன் விசிலை எடுத்துவிடுவான். அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஓர் அந்தி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அபி தெருவில் ஒரு கடை வாசலில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கான்செர்டினா வாசித்துக்கொண்டிருந்தாள். அறுகோண வடிவில் கைக்கு அடக்கமான துருத்தி வாத்தியம். ஒரே பொத்தான்தான், துருத்தியை விரித்தால் ஒரு சுரம், சுருக்கினால் வேறு சுரம். அதனாலேயே வாசிப்பில் தானாக ஒரு துள்ளல் வந்துவிடும். எதிரே இசைக்குறிப்புத் தாள் கிடையாது. எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்து நின்றார். அனுமதி கேட்பதுபோல் தலையசைத்தார். கோட்டுப் பையில் துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்த மரப் புல்லாங்குழலை எடுத்துப் பொருத்தி, இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொண்டார். மூன்றாவது சுற்று முடியும்போது அவள் புருவத்தை உயர்த்த, இருவரும் தட்டாமல் தடுமாறாமல் அடுத்த மெட்டுக்குத் தாவினார்கள். அதற்கு முன் சந்தித்ததே இல்லையாம். எந்த மெட்டு என்று எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். "இதற்குப் பிறகு இங்கே அதைத்தான் வாசிப்போம்" என்றார்.

பள்ளிக்கூடங்களில் போட்டிகள் நடந்தன. பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிரிவு, அப்புறம் பதினைந்து, பதினெட்டு வரை. அதற்கு மேல் பெரியவர்கள். மாவட்டத்தில் ஜெயித்து, மாகாணத்தில் ஜெயித்து வந்த பிள்ளைகள் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்று பிடில் பழகுவார்கள். உள்ளே ஒரு குழந்தை வாசித்து முடிக்கும்வரை கதவைத் திறக்க விடமாட்டார்கள்.

எனிஸில் இவ்விழா முதலில் நடந்தது 1956இல். கில்ஃபெனோரா, டல்லா என்று கிளேரின் இரண்டு நடன இசைக்குழுக்கள் அந்த ஆண்டு மோதின, கில்ஃபெனோரா வென்றது. அறுபது ஆண்டு கழித்தும் ஊர்ப் பெரியவர்கள் அந்தத் தீர்ப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். டல்லா குழுவில் பிடில் வாசித்த பி. ஜே. ஹேஸின் மகன்தான் இன்று உலகமறிந்த மார்ட்டின் ஹேஸ். இந்த விழாப் போட்டிகளில் வளர்ந்தவர்.

மதிப்பெண்ணுக்கு வாசித்தால் இசை ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும் என்று குறை சொல்பவர்கள் அங்கேயே உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால், 1951இல் முல்லிங்கரில் இந்த விழாவைத் தொடங்கியவர்கள் கண்முன்னே இருந்தது வேறு கவலை. இளைஞர்கள் பிழைப்பு தேடிக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து இசையைக் கேட்கவே ஆளில்லாமல் போய்விடுமோ என்ற பயம். போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால் அத்தனை பிள்ளைகளும் ஒரே ஊரில் கூடியிருக்கப் போவதில்லை. அபி தெருச் சிறுமியும் அந்த முதியவரும் சேர்ந்து வாசித்திருக்கவும் மாட்டார்கள். என்னைக் கேட்டால், போட்டி பிள்ளைகளை வரவழைக்கிறது. இசையைக் கைமாற்றிக் கொடுப்பது தெருதான்.

கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டும் விழா இல்லை. 2022இல் அது தொடங்கிய முல்லிங்கரிலேயே மறுபடி நடந்தது. ஆகஸ்டில் அயர்லாந்து போக வாய்ப்பவர்கள் அந்த ஆண்டு எந்த ஊரில் ஃபிளா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்குப் போவது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஏதாவது ஒரு கடை வாசலில் பிள்ளைகள் வாசிக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.