ஏரிக்கரையும் தறிக்குழியும்: வெம்பாக்கத்திலிருந்து ஒரு கல்விப் பயணம்



தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை ஒரு சுற்றுலாச் சீட்டைக் கொண்டுவந்து நம் கையில் கொடுப்பார்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா, மெரினா கடற்கரை என்று சில இடங்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவற்றின் கீழே கட்ட வேண்டிய தொகையும், அதற்கும் கீழே நாம் கையொப்பமிட ஒரு கோடும் இருக்கும். பணம் கட்டுவது, கையொப்பமிடுவது ஆகிய இரண்டைத் தவிர அந்தப் பயணத்தில் நமக்கு வேறு கடமை இருப்பதாக அந்தச் சீட்டும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

தொகையைக் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுகிறது. மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றியும் கடல் அலையைப் பற்றியும் பேசும்போது அது தலையைக் குனிந்துகொண்டு எழுதாத ஏட்டைப் புரட்டிக் கொண்டிருக்கிறது. யாரேனும் ஒரு செல்வர் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டலாம், அது நற்செயல்தான். ஆனால் தன் இருக்கைக்கான பணம் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது பிள்ளைக்குத் தெரியாமல் இராது. தலை நிமிர்ந்து அந்தப் பிள்ளையும் வரக்கூடிய பயணம் ஒன்று உண்டா? உண்டு. தொலைவைக் குறைத்துப் பெற்றோரின் பங்கைக் கூட்டினால் அது கைகூடும். எப்படி என்பதை வெம்பாக்கத்தை வைத்துப் பார்ப்போம்.

வெம்பாக்கம் எங்கே இருக்கிறது?

1989இல் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவானது திருவண்ணாமலை மாவட்டம். அதன் வடகிழக்கு ஓரத்தில், செய்யாறு நகருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது வெம்பாக்கம் வட்டம். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்கள் இவை. வடக்கே காஞ்சிபுரமும் மேற்கே ஆரணியும் பட்டுக்குப் பெயர் பெற்றவை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதால் நெசவை அறிந்த குடும்பங்கள் இப்பகுதியில் பல. அண்மைக் காலமாகச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மாரும் இங்கே பலர்.

வெளியூரார் பார்க்க என்ன இருக்கிறது என்று இந்த ஊர்க்காரரைக் கேட்டால், 'ஒன்றுமில்லை, காஞ்சிபுரம் போங்கள்' என்பார். நம் பிள்ளைகளும் அப்படியே எண்ணி வளர்கிறார்கள். உண்மை அதுவன்று.

ஏரியில் ஒரு பாடம்

முதற் பயணத்தைத் தூசி மாமண்டூர் ஏரியில் தொடங்கலாம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான இது பல்லவர் காலத்தது. மாமண்டூர்க் குகையிலுள்ள சோழர் காலக் கல்வெட்டு இதனைச் 'சித்திரமேகத் தடாகம்' என்று குறிக்கிறது. வாலாஜாபேட்டைக்கு அருகில் பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து தூசிக் கால்வாய் இதற்கு நீர் கொண்டுவருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாத வாக்கில் சென்றால் ஏரியில் நீரும் இருக்கும், வெயிலும் சுடாது.

இந்தச் செய்திகளை ஆசிரியர் சொல்லலாம். ஆனால் மதகு எப்படித் திறக்கிறது, மிகுந்த நீர் கலங்கல் வழியே ஏன் வெளியேற வேண்டும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகும், முறை வைத்துப் பாய்ச்சும்போது தகராறு எங்கே தொடங்குகிறது ஆகியவற்றை யார் சொல்ல முடியும்? அந்த ஆயக்கட்டில் பயிர் செய்யும் தந்தை ஒருவர்தான் சொல்ல முடியும். அவர் நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். அன்று அந்தக் கரையில் அவரே ஆசிரியர். 'அதோ பேசுகிறாரே, அவர் என் அத்தா' என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லும் மகனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றுலாத் தொகையைக் கட்ட இயலாத வீடும் பெரும்பாலும் இப்படிப்பட்ட உழைப்பாளியின் வீடாகத்தான் இருக்கும்.

ஏரியை அடுத்த குன்றில் நான்கு குடைவரைகள் உள்ளன. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று அறியப்படும் இவை ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழைமை உடையவை. செங்கல்லோ மரமோ இன்றி, பாறையையே குடைந்து தூணும் மண்டபமும் ஆக்கிய கலையின் தொடக்கக் காலச் சான்றுகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் சுவரில் கீறுவதோ பெயர் எழுதுவதோ கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இங்கேயும் பெற்றோருக்கு வேலை உண்டு. கல் வேலையோ கொத்து வேலையோ செய்யும் தந்தை ஒருவர் உடன் வந்தால், உளியின் தடம் எது, பாறையை மேலிருந்து கீழாகக் குடைவதா கீழிருந்து மேலாகவா என்ற கேள்விகளுக்குப் பாடநூலில் இல்லாத விடை கிடைக்கும். இன்னும் கொஞ்சம் நேரமிருந்தால் தூசியை அடுத்த குரங்கணில்முட்டத்தில் மற்றொரு பல்லவர் குடைவரையையும் காணலாம்.

ஆரணியில் ஒரு பாடம்

இரண்டாம் பயணத்தைச் செய்யாறு வழியாக ஆரணிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பிள்ளைகளைச் சேலைக் கடைக்கு அழைத்துச் செல்வதில் பயனில்லை. பட்டு பிறக்கும் வரிசையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு பட்டுக்கூட்டிலிருந்து ஓராயிரம் மீட்டர் வரையிலும் இழை எடுக்கலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கும்போது அதன் எடையில் நாலில் ஒரு பங்களவு குறைந்துபோகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நல்லதொரு கணக்கு. பிறகு சாயம். பிறகு தார் சுற்றுதல். விடிகாலையில் போய்ச் சேர்ந்தால், தெருவில் நீளமாகப் பாவு நீட்டி இழை சரிபார்ப்பதையும் காணலாம். கடைசியில் தறிக்குழி. நெசவாளியின் கால்கள் குழிக்குள் மிதியை மிதிக்க, கைகள் நாடாவை எறிய, பாவுக்கு இடையே ஊடை ஓடுகிறது. தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் அமைத்த முறை இது. துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. பிற்காலத்தில் கணிப்பொறிக்குக் கட்டளை கொடுக்கத் துளையட்டையைப் பயன்படுத்திய எண்ணத்துக்கு இதுவே முன்னோடி. தறிவீட்டில் நிற்கும் பிள்ளைக்கு, தான் கணிப்பொறியின் மூத்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். அது அந்த இடத்தை விட்டு நகராது.

இங்கே பெரியவர்கள் மறக்கக்கூடாத மற்றொன்றும் உண்டு. பட்டுச்சேலையின் கரையைத் தனி நாடா கொண்டு நெய்யும்போது பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்களே அமர்த்தப்பட்டார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள் பலர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். அதன் பிறகும் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக உழைத்த சிறார்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் பேசப்பட்டது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு.

ஆகவே, பத்து வயதுப் பிள்ளை ஒன்று கையில் ஏட்டுடன் தறியருகே நின்று கேள்வி கேட்பது சிறிய செய்தியன்று. அதே வயதில் அதே தறியில் உட்கார்ந்திருந்த ஒருவர் இன்று அந்த வகுப்பில் ஒரு பிள்ளையின் தந்தையாகவோ பாட்டியாகவோ இருக்கக்கூடும். அவர் விரும்பினால் அதைச் சொல்லட்டும். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

தறிவீடு காட்சிக்கூடமன்று, ஒரு குடும்பத்தின் பிழைப்பு. தறி நின்றால் அந்த நேரத்துக் கூலியும் நின்றுபோகும். முன்கூட்டியே கேட்டு, பத்துப் பத்துப் பிள்ளைகளாக உள்ளே அனுப்பி, வீட்டாருக்கு இழப்பு நேராதபடி ஏதேனும் ஈடு செய்வது நம் கடமை. இழையைத் தொடலாமா என்று கேட்டுவிட்டே தொட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியில் பயணத்தைத் திட்டமிட ஏற்ற இடம் அந்தக் குழுதான். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் முன் அனுமதியைப் பெற்றபின், வேலைகளைப் பெயர் குறித்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

முதலில், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு பட்டியல் எடுங்கள். உழவர், நெசவாளி, கொத்தனார், வேன் ஓட்டுநர், செவிலியர், தையல் தெரிந்த தாய் எல்லாரும் அதில் வருவார்கள். பணம் தர இயலாதவரிடமும் நேரமோ கைத்திறனோ உண்டு. வேன் வாடகையைப் பொதுவில் திரட்டுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பதை வகுப்பில் வாசிக்க வேண்டாம்.

உணவை வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தால் ஒரு பிள்ளையின் டப்பாவில் பிரியாணியும் இன்னொன்றில் வெறுஞ்சோறும் இருக்கும். ஒரே வீட்டில் கூடிச் சமைத்துப் புளிச்சோறும் தயிர்ச்சோறுமாக எல்லாருக்கும் ஒன்றாகப் பரிமாறுங்கள். வெளியே வர வசதிப்படாத தாய்மாருக்கும் இதில் பங்கு கிடைக்கும். தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மாரின் விடுமுறை நாளைக் கேட்டுத் தேதி குறியுங்கள். பெண்பிள்ளைகளோடு கட்டாயம் சில தாய்மார் செல்ல வேண்டும். கழிப்பறை எங்கே, லுஹர் தொழுகைக்கு எந்தப் பள்ளிவாசலில் நிற்பது என்பதை முந்தின வாரமே இருவர் நேரில் போய்ப் பார்த்துவரட்டும்.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வது நலம். அந்தப் பெரியவர் அந்த ஆறு பெயர்களையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

தண்ணீரில் மட்டும் சமரசம் வேண்டாம். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரி 18இல் குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள்; அளவுக்கு மீறிய ஆட்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தார்கள், பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஏரிக்கரையில் பாடம் நடக்கட்டும். ஏரிக்குள் கால் நனைக்கவும் வேண்டாம், படகேறவும் வேண்டாம். 'எல்லாரும் போகிறார்களே' என்று பிள்ளை அழும்போது 'கூடாது' என்று உறுதியாகச் சொல்ல அங்கே போதிய பெரியவர்கள் இருக்க வேண்டும். பெற்றோர் உடன் செல்ல வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

பயணம் முடிந்தபின்

திரும்பி வந்தவுடன் ஐந்து பக்கக் கட்டுரை எழுதச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம். மதகின் படம் ஒன்று, நாடாவின் படம் ஒன்று, கேட்டறிந்த புதுச்சொற்கள் பத்து. அவ்வளவு போதும். பாடம் சொன்ன பெற்றோருக்குப் பிள்ளைகள் தங்கள் கையால் நன்றிக் கடிதம் எழுதட்டும். எழுத்துப் படிக்கத் தெரியாத தந்தைக்கு அவருடைய மகளே அதை வாசித்துக் காட்டட்டும்.

அடுத்த ஆண்டு வேடந்தாங்கல் போகலாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமாகிறது என்று கண்டுகொண்ட அவ்வூர் உழவர்கள், அவற்றைச் சுடவிடாமல் காத்து, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் அதற்கான உரிமைப் பத்திரமும் பெற்றார்கள். வண்டலூருக்கும் மெரினாவுக்கும் பிறகு போனால் போகிறது. அவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை மறுமுறை சுற்றுலாச் சீட்டோடு வந்து நிற்கும்போது 'எவ்வளவு கட்ட வேண்டும்?' என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். 'உங்கள் வகுப்பில் யார் யார் வரவில்லை? நான் எந்த வேலைக்கு வரட்டும்?' என்பதை முதலில் கேளுங்கள்.