பக்கத்து வயலும் நம் அடுப்பும்



வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அதன் பெயரைச் சொன்னதும் இன்று மோட்டார் தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. 2010-இல் ரெனோ – நிஸ்ஸான் ஆலை இங்கு திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது ஏரிப்பாசன பூமி. பருவமழையை ஏரிகளில் தேக்கி, சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல் விளைவித்த வட்டாரம்.

இப்பகுதியில் வசிக்கும் நான் கடைத்தெருவில் அடிக்கடி ஒரு காட்சியைக் காண்கிறேன். பக்கத்துக் கிராமத்துக் கீரைக்கட்டு சாக்கின்மேல் வாடிக் கிடக்கிறது. கடல் கடந்து வந்த ஆப்பிளோ குளிர்பெட்டியில் கொலுவீற்றிருக்கிறது. விருந்தினருக்கு ஆப்பிள் வைப்பதே கௌரவம் என்று நாமும் எண்ணிவிட்டோம்.

பூமி சூடாவதில் நம் அடுப்பங்கரைக்கும் பங்குண்டா? உண்டு. மனிதர்களால் வெளியாகும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவைச் சார்ந்தது என 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உணவை ஏற்றி வருவதால் எழும் புகை அதில் சிறு பகுதியே. கப்பலில் வரும் பேரீச்சம்பழத்தால் பெருங்கேடில்லை. விமானத்தில் வரும் பழமே பன்மடங்கு கேடு செய்கிறது. அசைபோடும் ஆடுமாடுகளிடமிருந்தும், நீர் தேங்கிய நெல்வயல்களிலிருந்தும் மீத்தேன் வாயு வெளியாகிறது. ஆகவே எங்கே விளைந்தது என்பதோடு, எதை உண்கிறோம், எவ்வளவு வீணாக்குகிறோம் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது! விரயத்தை நம் மார்க்கம் கண்டிப்பதை யாவரும் அறிவோம். எனினும் வலீமா விருந்து முடிந்தபின் குப்பைத்தொட்டியை எட்டிப் பாருங்கள். எவ்வளவு இறைச்சி, எவ்வளவு சோறு!

அப்படியானால் உள்ளூர் விளைபொருளை ஏன் வாங்க வேண்டும்? காலையில் பறித்த கத்தரிக்காய்க்குக் குளிர்கிடங்கு வேண்டியதில்லை. வழியில் அழுகுவதும் குறைவு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. வாங்குவோர் இல்லையேல் உழவர் வயலை விற்பார், வயல் மனையாகும். பாசனம் பெற வயலே இல்லாத ஏரியின் மதகையும் கால்வாயையும் யார் பேணுவார்? ஏரி தூர்ந்தால் கோடையில் குடிநீர் இராது, மழையில் வெள்ளம் வடியாது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை பட்ட பாட்டை மறக்க முடியுமா?

இதற்கு நாம் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி நம் பாட்டிமார் தந்த சொத்து. கேழ்வரகும் கம்பும் தேங்கிய நீரின்றி விளைபவை. வாரத்தில் சில வேளை அவை நம் தட்டுக்கு வரட்டும். அன்றாடம் இறைச்சி என்பதைச் சற்றே குறைக்கலாம். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகள் பல ஊர்களில் உள்ளன. அங்கே விளைவித்தவரிடமே வாங்கலாம்.

அடுத்த முறை பையுடன் கடைக்குப் புறப்படும்போது, "இது எந்த ஊரில் விளைந்தது?" என்று ஒரு சொல் கேளுங்கள். நம் ஊர் வயலில் விளைந்தது என்று பதில் வந்தால், விலை பேசாமல் வாங்கிக் கொள்ளுங்கள்.