மண்கும்பான் நன்னீரும் அதன் ஊழியர்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்பட்டு, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து மேற்கே செல்வோர், நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கும் ஆவலில், மண்கும்பானை ஒரு பிள்ளையார் கோயிலும் பனைகளும் வெண்மணற் குவைகளும் கொண்ட சிற்றூராக மாத்திரம் கண்டு போய்விடுகின்றனர். இவ்வூரிலும் அடுத்துள்ள சாட்டியிலும் மணலுக்கடியில் தங்கியிருக்கும் நன்னீரே தீவகத்துக் கிராமங்கள் பலவற்றின் தாகந் தீர்ப்பது. அந்நீரை அளவறிந்து இறைத்துப் பவுசர்களில் ஏற்றி அனுப்பும் பொதுப்பணி ஊழியர்களின் தொழிலை நேரிற் காணும் பொருட்டே நான் அங்கு சென்றேன்.

ஜீவநதி ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான முதல். அம்மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள பாரமான கடல்நீரின்மீது மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது பரவியிருக்கும் என்ற கணக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்துக் கைபனும், 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே வகுத்துரைத்தனர். மண்கும்பான் அடங்கிய வேலணைத் தீவுக்கு லெய்டன் எனத் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டி ஆண்ட ஒல்லாந்தரின் வழித்தோன்றல் ஒருவரே இவ்விதியைக் கண்டுரைத்தார் என்பது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. மேலே 1 அடி நீர் வற்றக் கீழே 40 அடி உவர்நீர் ஏறிவரும் என்பதே இவ்விதியின் மறுபுறம். ஆகவே ஆசைமிகுதியால் இறைப்பவன் கிணற்றையே இழப்பான்.

இந்த நுட்பத்தை ஏட்டிற் கல்லாமலே கைவரப் பெற்றவர் நான் அங்குக் கண்ட முதிய ஊழியர். மோட்டரை இயக்கியதும் முதல் வாளி நீரை ஒதுக்கிவிட்டு, அடுத்ததிற் சிறிது உள்ளங்கையில் ஏந்தி நாவில் வைத்துச் சற்று நேரம் நிதானித்த பின்னரே, குழாயைப் பவுசரின் வாயிற் பொருத்த உத்தரவு கொடுக்கிறார். ஒரே கிணற்றை நெடுநேரம் வருத்தாமல், முறைவைத்துக் கிணறு மாற்றி, முடிச்சிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து, மட்டம் மீண்டு ஊறும்வரை காத்திருக்கிறார். அவசரப்பட்ட சாரதி ஒருவருக்கு அவர் சொன்னது இது: "தம்பி, தண்ணி கரிக்கத் துவங்கினாப் பிறகு மோட்டரை நிப்பாட்டி என்ன பிரயோசனம்? அதுக்கு முன்னமே நிப்பாட்டிப் போட வேணும்."

தங்கள் பொறுப்பதிகாரியைப் பற்றி அங்குள்ள ஊழியர்கள் பேசிய விதமே இப்பயணத்தில் என்னை மிகவும் ஈர்த்தது. பொதுப்பணி நிலையங்களில் ஊழியரைக் கௌரவித்தல் என்பது பெரும்பாலும் ஆண்டுவிழா மேடையிற் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை வாசித்து, நிழற்படம் எடுப்பதோடு நிறைவுறுகிறது. அதனை நான் இகழவில்லை. நற்சொல் கேட்க விரும்பாத உள்ளம் எது? எனினும் இவ்வதிகாரி வேறொரு வழியிலும் தம் மதிப்பைக் காட்டியிருக்கிறார். ஆவணி மாதத்து வறட்சியிற் புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மேலும் நீர் வேண்டுமென்று விண்ணப்பங்கள் குவிந்த வேளையில், இரட்டிப்பாக இறைத்தாலென்ன என்று பலரும் வற்புறுத்த, அவர் காகிதங்களை ஒருபுறம் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்து, அம்முதியவருடன் விடியற்காலை முதல் நின்று பார்த்து, "அண்ணை, நீங்கள் சொல்லுறபடியே செய்வம், கேக்கிற ஆக்களுக்கு நான் பதில் சொல்லுறன்" என்றாராம். இறைக்கும் நேரத்தைக் கிணறுகளுக்கிடையே பகிர்ந்தளித்த அடுத்த நாட் கட்டளையில், இன்னாருடைய ஆலோசனைப்படி என்று அவ்வூழியரின் பெயரையும் எழுதினாராம்.

கீழ்நிலை ஊழியனின் அறிவு மேல்நிலை உத்தியோகத்தரின் பெயரால் வெளிவருவது நம் நாட்டு அலுவலகங்களிற் சர்வசாதாரணம். அந்த வழக்கத்துக்கு மாறாக ஒரு பெயரை உரிய இடத்தில் எழுதிய அந்தக் கையெழுத்தை, நூறு வாழ்த்துரைகளிலும் மேலானதென்றே நான் கருதுகிறேன். கட்டளையைப் பார்த்த அன்று என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "பேரைப் போட்டிட்டார் சேர், இனிப் பிழைவிட ஏலாது" என்றார் முதியவர்.

1990-ஆம் ஆண்டு யுத்தத்தால் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பாழடைந்த கிணறுகளையும் நான் பார்த்தேன். மணலை அகழ்ந்து கொண்டுசென்ற பள்ளங்களையும் பார்த்தேன். மழையை உறிஞ்சி வடித்து வைத்திருக்கும் குவையே போய்விட்டால், எத்தகைய கைத்திறனும் அந்நீரை மீட்டுத்தரமாட்டாது. ஆதலால் புதிதாக எங்கேனும் மண்வெட்டி விழுந்தால் உடனே தமக்கு அறிவிக்குமாறு ஊழியர் அனைவரையும் அவ்வதிகாரி கேட்டிருக்கிறார்.

முதியவருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. உவரளக்கும் மின்மானி வாங்கிய பின்னும், பதிவேட்டில் மானியின் எண்ணுக்குப் பக்கத்தில் 'சுவை' என்றொரு நிரலையும் அதிகாரி வரைவித்திருக்கிறார். இரண்டு இளைஞர்கள் நாள்தோறும் முதியவருடன் நீரைச் சுவைத்து, தத்தம் அபிப்பிராயத்தை அதில் எழுதி, பின்பு மானியோடு ஒப்பிட்டுப் பழகி வருகின்றனர்.