சுண்ணாம்புக் கரையிலே மூன்று நாட்கள்

தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலே, சுண்ணாம்புக் கரை என்று பெயர் பெற்ற நிலப்பகுதி ஒன்று உண்டு. தலைநகரான அடிலெய்டில் வாழும் குடும்பத்தினர், மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் காரிலே புறப்பட்டு இங்கு வருவர். அதற்கு மார்ச் மாதம் ஏற்ற காலம். வெயில் தணிந்திருக்கும், திராட்சைக் குலைகள் கொய்யப்படும் பருவமும் அதுவே.

அடிலெய்டிலிருந்து ரோப் என்னும் கடற்கரை ஊர் ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவில் உள்ளது. வழியில், கூரோங் எனப்படும் உப்பங்கழி 100 கி.மீ.க்கு மேல் சாலையோடு கூடவே வருகிறது. கழிக்கும் கடலுக்கும் இடையே மணற்குன்றுகள் மதிலாய் நிற்கின்றன. கூழைக்கடாக்களைக் கண்டு குழந்தைகள் ஆர்ப்பரிப்பர்.

ரோப், 1846இல் துறைமுகமாக ஏற்படுத்தப்பட்ட சிற்றூர். ஒரு காலத்தில் ஆட்டு ரோமப் பொதிகள் இங்கிருந்து கப்பலேறின. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடுகளும் சுங்கச் சாவடியும் இன்றும் நிற்கின்றன. கடல்முனையிலே, மாலுமிகளுக்கு வழிகாட்ட 1855இல் எழுப்பிய கூர்ங்கோபுரம் சிவப்பும் வெள்ளையுமாகத் தோன்றுகிறது.

ஆயினும் இவ்வூரின் கதையிலே நெஞ்சைத் தொடுவது வேறொன்று. அண்டை மாநிலமாகிய விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டுச் சீன நாட்டு ஏழைகள் திரளாக வந்தனர். அவர்களைத் தடுக்கக் கருதிய விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி என 1855இல் சட்டம் இயற்றியது. வரி செலுத்த வகையற்றோர் என்ன செய்வர்? அச்சட்டம் செல்லாத ரோப் துறையிலே இறங்கினர். 1857ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வாறு வந்தோர் 15,000 பேருக்கு மேல். தோளிலே காவடி போன்ற தடியில் மூட்டைகளைத் தொங்கவிட்டு, 300 கி.மீ.க்கும் அதிகமான வழியைக் கால்நடையாகவே கடந்து பல்லாரட், பெண்டிகோ சுரங்கங்களை அடைந்தனர். அவர்கள் நினைவாகக் கடலோரத்தில் ஒரு கல் நாட்டப்பட்டுள்ளது.

மறுநாள் கிழக்கு நோக்கி உள்நாட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. சென்றால் கூனவாரா திராட்சைத் தோட்டங்கள் வருகின்றன. சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய போர்வை போலச் செம்மண் படிந்த ஒடுங்கிய நிலம் இது. மேல்மண் நீரைத் தேங்கவிடாது வடிக்கிறது. 1890இல் ஜான் ரிடக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் நிலத்தைப் பிரித்துக் குடியானவர்களுக்கு விற்றுத் திராட்சையும் பழமரங்களும் பயிரிடச் செய்தார். அவர் 1901இல் மறைந்த பின், இங்கு விளைந்த இரசம் விலைபோகாமல் நெடுங்காலம் பெரும்பாலும் பிராந்தியாகக் காய்ச்சப்பட்டது. 1950களுக்குப் பின்னரே இம்மண்ணின் அருமையை உலகம் அறிந்தது. அவர் கட்டிய மும்முகட்டு இரசசாலையை இன்றும் காணலாம். திருப்பலிக்குரிய இரசம் கலப்பற்ற திராட்சைக் கனியின் இரசமாய் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆதலின் கொடியும் குலையும் நமக்கு அந்நியமல்ல.

தோட்டங்களுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் போல 10 கி.மீ.யில் பெனோலா உள்ளது. குதிரைமேல் சுற்றியே தம் பரந்த பங்கை மேய்த்த அருட்தந்தை ஜூலியன் டெனிசன் வூட்ஸ் இங்கு குருவாயிருந்தார். உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த இளம்பெண் மேரி மக்கிலப்போடு சேர்ந்து, கட்டணம் கொடுக்க இயலாத சிறாருக்காக 1866இல் ஒரு பள்ளி தொடங்கினார். கட்டடமோ, கைவிடப்பட்ட குதிரை லாயம்! அங்கு முளைத்ததே புனித சூசையப்பர் கன்னியர் சபை. அடுத்த ஆண்டு கட்டிய கற்பள்ளி இன்றும் இருக்கிறது.

அக்கன்னியரின் பாதை மலர்ப்பாதை அன்று. கீழ்ப்படியாமைக் குற்றம் சாட்டி, 1871 செப்டம்பரில் அடிலெய்டு ஆயரே மேரியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். ஐந்து மாதத்தில், தம் இறுதி நோயின்போது, அவ்வாயரே அத்தண்டனையை நீக்கினார். மேரி எவர்மீதும் கசப்புக் கொள்ளாமல் தம் பணியைத் தொடர்ந்தார். 2010 அக்டோபர் 17 அன்று பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் முதற் புனிதர் அவரே.

மூன்றாம் நாள் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு சிந்தனை உடன் வரும். நாம் இன்பமாய்க் காரோட்டிச் சென்ற இந்நாட்டிலே, முன்பு வாசல் அடைக்கப்பட்டவர்கள் நடந்தே சென்றனர். துறைமுகத்தில் அடைத்த கதவு ஒன்று. ஏழைச் சிறுவனுக்குப் பள்ளியில் அடைத்த கதவு ஒன்று. ஒரு கன்னிக்கு ஆலயத்திலேயே அடைத்த கதவு மற்றொன்று. அக்கதவுகளில் ஒன்றைத் திறக்க, ஒரு பழைய லாயமும் இரண்டு நல்ல மனங்களும் போதுமானவையாயின. பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வருவோருக்கும், கல்விக்கு வழியற்று நம் தெருவில் நிற்கும் பிள்ளைகளுக்கும் நம் வாசல் எவ்வாறு இருக்கிறது என்று, வாசக அன்பர்களே, சற்றே எண்ணிப் பார்ப்போமாக.