கழுத்துல சாவி மாட்டுன பையனும் எட்டரை மணி ஷிப்டும்

ஜூன் மாசம் ஸ்கூல் திறக்குதுன்னா உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? புதுப் புத்தக வாசனை, பிரவுன் அட்டை, லேபிள்... எனக்கு ஞாபகம் வர்றது செருப்பு. ஆமாங்க, நெசமாத்தான். முதல் வாரம் முழுக்க நான் பாடமே எடுக்கறதில்லை. செருப்பை எப்படி வரிசையா விடறதுன்னுதான் சொல்லிக் குடுக்கறேன்.

சிரிக்காதீங்க. எங்களுது திருப்பூர்ல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்துல 60 பிள்ளைக வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னுதான் போட்டிருக்கு. எங்ககிட்ட 46 பேர். நாலாவதும் அஞ்சாவதும் ஹெச்.எம். சார் பார்த்துக்குவார். ஒண்ணு, ரெண்டு, மூணு என் தலையில. ஒரே ரூம். 2022-ல 'எண்ணும் எழுத்தும்' வந்ததுல இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு குழு பிரிச்சு உக்கார வைக்கிறோம். நான் அரும்புகிட்ட குனிஞ்சு 'அ' எழுத வைக்கிற நேரத்துல மலர் என்ன பண்ணும்னு நினைக்கிறீங்க? சும்மா விட்டா மலர்ந்துரும் :-)

அதனாலதான் செருப்பு, பை வைக்கிற இடம், தண்ணி குடிக்கிற நேரம், டாய்லெட் போகணும்னா காட்டற விரல், எல்லாமே முதல்ல. நான் ஒரு பாட்டை ஆரம்பிச்சா, அது முடியறதுக்குள்ள வட்டமா உக்காந்திருக்கணும். என் கண்ணு இல்லாத பக்கமும் வகுப்பு நடக்கணும்னா இதைத் தவிர வேற வழி இல்லை. ரெண்டு வாரம் இதுக்கே போகும். "என்னங்க டீச்சர், இன்னும் புத்தகமே திறக்கலையாட்டம் இருக்குது"ன்னு கேக்கற அப்பாக்கள் உண்டு. ஜூலை மாசம் வந்து பாருங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன்.

ஆனா ஒரு விஷயம். இது எல்லாம் பிள்ளை காலையில ஸ்கூலுக்கு வந்தாத்தானே?

2024-ல ஜூன் 10 ஸ்கூல் திறந்தது. ஒண்ணாவதுல சேர்ந்த ஒரு பொடியன், தினமும் வர்றது பத்து மணிக்கு. சில நாள் பத்தேகால். எண்ணெய் வைக்காத தலை, கழுத்துல ஒரு சிவப்புக் கயிறு, கயித்துல வீட்டுச் சாவி. ஆறு வயசு கூட நிரம்பலை. வந்து உக்காரும்போதே வட்டம், பாட்டு எல்லாம் முடிஞ்சிருக்கும். என்ன நடக்குதுன்னே தெரியாம முழிப்பான். பக்கத்துல இருக்கறவனைக் கிள்ளுவான். இன்னொண்ணு, காலை உணவும் முடிஞ்சிருக்கும். (எங்க பள்ளிக்கு 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து காலை உணவுத் திட்டம் வந்துருச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு தினம் ஒண்ணு.) பசியோட உக்காந்திருக்கற பிள்ளைக்கு 'அ'வாவது 'ஆ'வாவது.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் சொல்றது, "பேரன்ட்டை வரச் சொல்லுங்க." சொல்லி விட்டேன். வரலை. டைரியில எழுதினேன். கையெழுத்து இல்லை. ஸ்கூல் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வரலை. "இந்த மாதிரி ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது டீச்சர்"னு ஒரு பெரிய மனுஷர் தீர்ப்பே சொல்லிட்டார். எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. அக்கறை இல்லாதவ எதுக்குங்க பிள்ளை கழுத்துல சாவியைக் கட்டிவிட்டுப் போறா? தொலைஞ்சிருமேன்னு அவ்ளோ இறுக்கமா முடிச்சுப் போட்டிருந்தது அந்தக் கயித்துல.

ஞாயித்துக்கிழமை நானே போனேன். லைன் வீடு. ஒரே ரூம், வெளியே ஒரு அடுப்பு மேடை. தேனிப் பக்கத்துல இருந்து வந்தவங்க. அப்பா லாரி டிரைவர், வாரத்துக்கு ஒருக்கா வந்தா உண்டு. அம்மா பனியன் கம்பெனில செக்கிங். திருப்பூர் தெரியாதவங்களுக்குச் சொல்றேன், இங்க காலை எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தா ஒன்றரை ஷிப்ட். அந்த அரை ஷிப்ட்லதான் வாடகையே போகும். கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு. அப்புறம் பையன் தனியா டிவி பார்த்துட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தம் போட்டா கிளம்பி வருவான். அவனுக்கு மணி பாக்கத் தெரியாது. கார்ட்டூன் முடிஞ்சாத்தான் ஸ்கூல்.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு. வெள்ளிக்கிழமை லீவு கேட்டா என்ன ஆகும்? சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். அதுல பிடிச்சுருவாங்க. கல்வி உரிமைச் சட்டத்துல குழு உறுப்பினர்ல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க. 2022-ல அந்தக் குழுக்களை எல்லாம் புதுசா அமைச்சாங்க, நல்ல விஷயம்தான். ஆனா பனியன் கம்பெனி ஊர்ல வெள்ளி மதியம் மூணு மணிக்கு எந்த அம்மா வருவா? வீட்டோட கடிகாரத்தைப் பாக்காம ஸ்கூல் கடிகாரத்தை மட்டும் காட்டி "ஒத்துழைப்பு குடுங்க"ன்னு கேக்கறது எனக்கு என்னமோ நியாயமாப் படலை.

அந்த அம்மா டீ போட்டுக் குடுத்துட்டு, தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "இவனை ஊருல எங்கம்மாட்ட விட்டுறலாம்னு இருக்கேன் டீச்சர். தீபாவளிக்குப் போறப்ப விட்டுட்டு வந்துருவேன்." பையன் அடுப்பு மேடைக்குக் கீழ உக்காந்து பாட்டில் மூடியை உருட்டிட்டு இருந்தான். கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியலை. உருட்டறதை மட்டும் நிறுத்திட்டான்.

ஊருல விட்டா தப்பான்னு கேப்பீங்க. பாட்டி வீடு ஒண்ணும் நரகம் இல்லை. ஆனா இப்படிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். நடு வருஷத்துல டி.சி., அங்க ரெண்டு மாசம், அம்மா ஞாபகம்னு இங்க ஒரு மாசம், திரும்பி அங்க. மூணாவது வரும்போது எழுத்துக் கூட்ட வராது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல போன் மட்டும்தான் மிச்சம்.

"தீபாவளி வரைக்கும் டயம் குடு கண்ணு"ன்னு கேட்டுட்டு வந்தேன்.

வழி கெடைச்சது எங்க சமையல் அக்காகிட்ட. காலை உணவு சமைக்கிறது மகளிர் குழுப் பெண்கள்தானே. எங்க அக்கா அதே லைன்ல, நாலு வீடு தள்ளி. அவங்க பொண்ணு எங்ககிட்ட நாலாவது. அக்கா ஆறு மணிக்கே ஸ்கூலுக்கு வந்துருவாங்க, பொண்ணு எட்டு மணிக்குப் பாட்டியோட நடந்து வரும். "ஒண்ணோட ஒண்ணா அவனும் வரட்டுமே டீச்சர், இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை"ன்னாங்க. ஹெச்.எம். சாருக்கு லேசா பயம், வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு. அதுவும் சரிதான். குழுவுல பேசி, அம்மாகிட்ட எழுதி வாங்கி, பாட்டி கையைப் பிடிச்சுத்தான் ரோட்டைத் தாண்டணும்னு முடிவு பண்ணோம்.

ஏழரைக்கு அம்மா அவனை அக்கா வீட்ல விடுவா. சாவியும் அங்கேயே இருக்கும். எட்டு மணிக்கு நடை, எட்டேகாலுக்குப் பொங்கலோ உப்புமாவோ, தட்டு கழுவறது, செருப்பு, வட்டம். ரெண்டே வாரம்ங்க. கிள்ளறது நின்னுருச்சு. பாட்டு முடியறதுக்குள்ள முதல் ஆளா உக்காந்துட்டு அடுத்தவனை முறைக்க ஆரம்பிச்சான். (அதுக்கு வேற தனியா பஞ்சாயத்து, ஹூம்.)

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. அக்டோபர்ல தீபாவளி ஆர்டர், ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேலை. பையன் அக்கா வீட்லயே தூங்கி, காலையில அம்மாவைப் பாக்காமயே ஸ்கூல் வந்தான். மறுபடி கிள்ளல், அழுகை. அந்த மூணு வாரம் நான் பாடத்தைப் பத்திக் கவலைப்படலை. அதே பாட்டு, அதே இடம், அதே பாய். அவனுக்கு அன்னைக்கு மாறாம இருந்தது அது ஒண்ணுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனாங்க. பத்து நாள் ஆச்சு, வரலை. எனக்கு வயித்துல புளி. பதினொண்ணாவது நாள் எட்டேகாலுக்கு சமையலறைப் பக்கம் தட்டோட நின்னான், கையில ஒரு பொட்டலம் முறுக்கு. டி.சி. பேச்சை அம்மா எடுக்கலை, நானும் கேக்கலை.

அதுக்கப்புறம் நாங்க ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அது பாட்டுக்கு நடக்கும். ஜூன்லயும் தை மாசத்துலயும் ஒரு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில தனியா ஒரு கூட்டம். வெள்ளிக்கு ஏழு பேர் வந்த இடத்துல ஞாயித்துக்கு முப்பத்தோரு பேர். கறி எடுக்கற நேரம்னு தெரிஞ்சும் வந்தாங்க! சுத்தம், ஒழுக்கம்னு நான் உரை எல்லாம் நிகழ்த்தறதில்லை. எத்தனை மணிக்கு வேன், பிள்ளை யார் கையில, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கும்னு மட்டும் கேட்டு நோட்டுல எழுதிக்குவேன். வீட்டுப்பாடம் எவ்ளோ குடுக்கலாம்னு அந்த நோட்டுதான் எனக்குச் சொல்லும்.

இந்த வாரம் நாலு வீடு பாக்கி. அதுல ஒண்ணு ஒடிசாக் குடும்பம், தம்பி புதுசா ஒண்ணாவது சேர்ந்திருக்கான். அக்கா மூணாவது, தமிழ்ல வாய் ஓயாது. "நான் வந்தா உங்கம்மாகிட்ட என்னன்னு பேசறது, நீ கூட இருந்து சொல்றியா"ன்னு கேட்டேன். "நீங்க தமிழ்லயே பேசுங்க டீச்சர், அம்மாக்குப் புரியும். பேசத்தான் வராது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வாங்க, காலையில துணி துவைப்பாங்க"ன்னா. நோட்டுல எழுதிக்கிட்டேன்.